கடைசி ஸ்வரத்தை வாசிக்காத இசைத்தட்டு

இந்த இசைத்தட்டைப் பற்றி எழுத எனக்கு என்ன தகுதி என்று கேட்டால், இதைப் பழுதான சரக்கு என்று சொல்லித் திருப்பி அனுப்பியவன் நான். அதையே முதலில் சொல்லிவிடுகிறேன்.

பழைய இசைத்தட்டு விற்கும் ஒருவரிடம் இணையத்தில் வாங்கினேன். எஸ்தோனிய இசையமைப்பாளர் ஆர்வோ பேர்ட்டின் ‘தபுலா ராசா’, 1984-இல் இசிஎம் நிறுவனம் வெளியிட்டது. வந்து சேர்ந்தபோது பெட்டியின் மூடி விரிசல் விட்டிருந்தது. சரி, பழைய சரக்கு, போகட்டும் என்று விட்டுவிட்டேன். ஆனால் கடைசி உருப்படியின் முடிவில் தந்தி வாத்தியங்களில் ஆகக் கீழ் ஸ்தாயியில் ஒலிக்கும் டபுள் பாஸ் ஒவ்வொரு படியாக இறங்கி வருகிறது. இன்னும் ஒரே ஒரு படிதான், அதில் கால் வைத்தால் வீடு. காது அதற்காகக் காத்திருக்கிறது. அங்கே சத்தம் நின்றுவிட்டது. தட்டை எடுத்துத் துடைத்துத் திரும்பப் போட்டேன். அதே இடம். ‘கடைசி நொடிகள் தட்டில் இல்லை’ என்று விற்றவருக்கு எழுதினேன். பாவம், மறுபேச்சு பேசாமல் வேறொரு பிரதி அனுப்பினார். அதுவும் அதே படியில் நின்றது.

அப்புறம்தான் ஸ்கோரை, அதாவது இசை எழுதிய தாளை, தேடிப் பார்த்தேன். இசை டி மைனரில் போகிறது, அதாவது ‘டி’ என்ற ஸ்வரம்தான் அதன் வீடு. டபுள் பாஸ் ‘இ’ வரை இறங்குகிறது. வர வேண்டிய ‘டி’ எழுதப்படவே இல்லை. அந்த இடத்தில் நான்கு பார்களுக்கு (தாளக் கட்டங்களுக்கு) வெறும் ஓய்வுக்குறிகள். அதாவது, கடைசி ஸ்வரத்தைக் கேட்கிறவர் தலைக்குள் வாசித்துக்கொள்ள வேண்டும். விற்றவருக்கு மன்னிப்புக் கேட்டு எழுதினேன். இதற்கு முன்னும் ஒருவர் இதே புகாரை அனுப்பியிருக்கிறார் என்று பதில் வந்தது. கொஞ்சம் ஆறுதலாக இருந்தது.

இதில் என் தொழிலும் குற்றவாளி. நான் ஒலிப்பதிவுகளை வெட்டி ஒட்டுகிறவன். பாட வகுப்புகள், பேட்டிகள், ஒலிநூல்கள். பேசுகிறவர் அரை நொடிக்கு மேல் நிறுத்தினால் அந்த இடைவெளியை வெட்டு என்பதுதான் எனக்கு வரும் உத்தரவு. மூச்சிழுப்பை வெட்டு, யோசிக்கிற நேரத்தை வெட்டு. ஒரு மணி நேரப் பதிவு என்னிடம் வந்து போனால் ஐம்பது நிமிடமாகிவிடும். மௌனம் என்றால் எனக்குக் கழிவு. அப்படிப்பட்டவன் கையில் இந்தத் தட்டு வந்து மாட்டியது.

பேர்ட்டும் இந்தத் தொழிலில் இருந்தவர்தான். எஸ்தோனிய வானொலியில் 1967 வரை சுமார் பத்து வருடம் ஒலிப்பொறியாளராக வேலை பார்த்தார். எஸ்தோனியத் தலைநகர் தாலினின் இசைக் கல்லூரியில் படித்து முடித்ததும் அந்த வேலையில் இருந்தபடியேதான். பிறந்தது 1935-இல், பைடே என்ற ஊரில், வளர்ந்தது ராக்வெரெயில். வீட்டில் இருந்த பியானோவில் நடுப்பகுதிக் கட்டைகள் கெட்டுப்போயிருந்ததால், பையன் மேல் ஸ்தாயியையும் கீழ் ஸ்தாயியையும் வைத்தே விளையாடினானாம். இதைப் படித்தபோது, பின்னால் கேட்கப்போகும் இசைக்கு ஏற்றாற்போல் யாரோ ஜோடித்த கதை மாதிரித்தான் பட்டது. ஆனால் அவரே சொல்லியிருப்பது. இன்னொன்றும் உண்டு: ஊர்ச் சதுக்கத்தில் கம்பத்தில் கட்டிய ஒலிபெருக்கியில் சிம்பொனி போடுவார்கள்; அது முடியும்வரை பையன் சைக்கிளில் அந்தக் கம்பத்தைச் சுற்றிச் சுற்றி வருவானாம். இன்றைக்கு ராக்வெரெ சதுக்கத்தில் சைக்கிளோடு நிற்கும் ஒரு பையனின் சிலை இருக்கிறது.

தட்டைப் பற்றிச் சொல்ல வந்தவன் சிலையைப் பற்றிப் பேசுகிறேன். ஆனால் இந்தத் தட்டில் இருக்கிற இசை எங்கிருந்து வந்தது என்று தெரியாமல் கேட்டால், இது வெறும் ‘அமைதியான இசை’ ஆகிவிடும். தூக்கம் வராதவர்களுக்கான பட்டியல்களிலும் தியானச் செயலிகளிலும் இவர் பெயர் அடிபடுவது அப்படித்தான். அமைதியான ஆளாக இவர் ஆரம்பிக்கவில்லை. 1960-இல், மாணவராக இருக்கும்போதே, ‘நெக்ரோலாக்’ என்று ஓர் ஆர்கெஸ்ட்ரா படைப்பை எழுதினார். பன்னிரண்டு ஸ்வரங்களையும் சம உரிமையோடு வரிசைப்படுத்தும் முறையில் எஸ்தோனியாவில் எழுதப்பட்ட முதல் படைப்பு அது. எஸ்தோனியா அப்போது சோவியத் யூனியனுக்குள் இருந்தது; மேற்கத்தியச் சீரழிவு என்று சோவியத் இசைச் சங்கத்தின் தலைமையிலிருந்து திட்டு விழுந்தது. வேடிக்கை என்னவென்றால், 1962-இல் அதே ஆளுக்கு, குழந்தைகள் பாடும் ஒரு கான்டாட்டாவுக்காகவும் ஓர் ஒரடோரியோவுக்காகவும் (இரண்டுமே கோரஸும் ஆர்கெஸ்ட்ராவும் சேர்ந்த பாட்டுப் படைப்புகள்) மாஸ்கோவில் பரிசு கொடுத்தார்கள். ஒரு கையால் குட்டு, ஒரு கையால் மாலை. அவரோ பழைய ஜெர்மன் இசை மேதை பாக்கின் இசையைத் துண்டு துண்டாக வெட்டி ஒட்டி, நடுவில் கரடுமுரடான சத்தத்தைக் கொட்டிச் சோதனைகள் செய்துகொண்டிருந்தார். வயிற்றுப்பாட்டுக்குத் திரைப்பட இசை.

1968 நவம்பரில் தாலினில் நேமே யார்வி நடத்திய கச்சேரியில் ‘க்ரேதோ’ அரங்கேறியது. பியானோ, பெரிய கோரஸ், ஆர்கெஸ்ட்ரா. பாக்கின் சி மேஜர் பிரெலூடு ஒரு பக்கம், அதை நொறுக்குகிற பேரிரைச்சல் இன்னொரு பக்கம். இதில் அரசாங்கத்துக்கு உறுத்தியது இரைச்சல் இல்லை. கோரஸ் பாடிய ‘இயேசு கிறிஸ்துவை நம்புகிறேன்’ என்ற லத்தீன் வரிதான். அதற்குப் பிறகு அந்தப் படைப்பை மேடையேற்ற வழியில்லாமல் போனது. பேர்ட்டும் எழுதுவதை நிறுத்தினார். 1971-இல் வந்த மூன்றாவது சிம்பொனியைக் கழித்துவிட்டால், ஏறக்குறைய எட்டு வருட மௌனம். அதிகாரிகள் ஒரு பக்கம் இருந்தார்கள் என்பது உண்மைதான். ஆனால் தனக்கே தன் பாஷை செத்துப்போய்விட்டது என்பதுதான் அவருடைய கணக்கு. அந்த வருடங்களில் பழைய தேவாலய ஒற்றைக்குரல் பாடல்களான கிரகோரியன் பாடல்களையும் மத்திய காலத்துப் பல்குரல் இசையையும் உட்கார்ந்து எழுதிப் பழகினார். ஒற்றை மெட்டாக நோட்டுப் புத்தகங்களை நிரப்பினார். 1972-இல் ஆர்த்தடாக்ஸ் திருச்சபையில் சேர்ந்தார்; அதே வருடம் நோராவைக் கல்யாணம் செய்துகொண்டார்.

1976-இல் ஒரு சின்னப் பியானோ உருப்படியோடு வெளியே வந்தார்: ‘ஃப்யூர் அலினா’. அது இந்தத் தட்டில் இல்லை. ஆனாலும் அதை இங்கே சொல்லாமல் முடியாது, ஏனென்றால் தட்டில் இருக்கிற எல்லாமே அந்தச் சூத்திரத்தில் பிறந்ததுதான். பியானோ உள்ளவர்கள் பத்து நிமிடத்தில் சரிபார்த்துக்கொள்ளலாம். வலது கை ஒரு மெட்டை வாசிக்கிறது. பெரும்பாலும் பக்கத்து ஸ்வரத்துக்குப் பக்கத்து ஸ்வரம். இடது கைக்கு பி மைனர் கார்டின் (சேர்ந்து ஒலிக்கும் ஸ்வரக் கூட்டத்தின்) மூன்று ஸ்வரங்கள் மட்டும்தான் சொத்து. மெட்டு எந்த ஸ்வரத்தில் நிற்கிறதோ, அதற்குக் கீழே பக்கத்தில் இருக்கும் அந்த மூன்றில் ஒன்றை இடது கை தொட வேண்டும். அவ்வளவுதான். ஒரு குரல் அலைகிறது, ஒரு குரல் வீட்டைவிட்டு நகர்வதில்லை. மணியோசை என்ற அர்த்தத்தில் ‘தின்தின்னாபுலி’ என்று இதற்குப் பெயர் வைத்தார். இரண்டு குரலும் சேர்ந்து ஒரே குரல் என்பதால், நோரா இதை ஒன்றும் ஒன்றும் ஒன்று என்று கணக்காகச் சொன்னார்.

நம் காதுக்கு இது உடனே தம்புராவை நினைவுபடுத்தும். எனக்கும் அப்படித்தான் இருந்தது. இரண்டாம் முறை கேட்டபோது அந்த ஒப்புமை கழன்றுவிட்டது. தம்புரா பாட்டுக்குப் பின்னால் பாட்டைக் கவனிக்காமல் ஓடிக்கொண்டிருக்கும். இங்கே அந்த மூன்று ஸ்வரக் குரல் மெட்டின் ஒவ்வொரு அடிக்கும் பதில் சொல்கிறது, கையைப் பிடித்துக்கொண்டு நடக்கிற பெரியவர் மாதிரி. அந்தச் சின்ன உருப்படியில் ஒரே ஓர் இடத்தில் இடது கை விதியை மீறி வேறொரு ஸ்வரத்தைத் தொடும். ஸ்கோரில் அந்த இடத்தில் ஒரு பூ வரைந்திருக்கிறது.

சரி, இனி தட்டு. நான்கு உருப்படிகள், மொத்தம் ஐம்பத்தைந்து நிமிடத்துக்குக் கொஞ்சம் குறைவு.

முதலில் ‘ஃப்ராத்ரெஸ்’, வயலினும் பியானோவும். வயலின் கிடோன் க்ரேமர். பியானோ கீத் ஜாரெட். ஜாஸ் உலகத்தின் ஆள். இசிஎம் அதுவரை ஜாஸுக்குப் பெயர்போன நிறுவனம் என்பதால் இந்தச் சேர்க்கை. ஆரம்பத்தில் வயலின் தனியாக நான்கு தந்தியிலும் பரபரவென்று அலைகிறது. க்ரேமர் அதை அழகாக வாசிக்க முயலவில்லை. வில் தந்தியில் உராய்வது அப்படியே கேட்கிறது. நான் என்றால் வெட்டியிருப்பேன். பிறகு பியானோ ஓர் அடி அடிக்க, எல்லாம் அடங்கி, அந்த மெதுவான ஊர்வலம் தொடங்குகிறது. பெரும்பாலானவர்களுக்கு இதுதான் பிடிக்கும். எனக்கு இது தட்டின் மூன்றாவது இடம்தான்.

இரண்டாவது, ‘காந்துஸ்’. ஆங்கிலேய இசையமைப்பாளர் பெஞ்சமின் பிரிட்டன் 1976 டிசம்பரில் இறந்தார். அவர் இசையின் தூய்மை தனக்குப் பிடிபட ஆரம்பித்த நேரத்தில் ஆளே போய்விட்டார் என்ற வருத்தத்தில் பேர்ட் எழுதியது. ஐந்து நிமிடம்தான். முதலில் ஒரு மணி, மிக மெதுவாக, மூன்று தடவை. அதன் பிறகு வயலின்கள் உச்சியிலிருந்து ஏ மைனர் ஸ்கேலை இறங்கத் தொடங்குகின்றன: ஒரு ஸ்வரம், மறுபடி மேலிருந்து இரண்டு, மறுபடி மேலிருந்து மூன்று. இதையே இரண்டாம் வயலின்கள் ஒரு ஸ்தாயி கீழே, பாதி வேகத்தில் செய்கின்றன. அதிலும் பாதி வேகத்தில் வயோலா, அதிலும் பாதியில் செல்லோ, அதிலும் பாதியில் டபுள் பாஸ். மேலே இருப்பவர் பதினாறு அடி வைக்கிற நேரத்தில் கீழே இருப்பவர் ஓர் அடி வைக்கிறார். எல்லோரும் ஒரே படிக்கட்டில்தான் இறங்குகிறார்கள். அவரவர் கீழே வந்து சேர்ந்ததும் அந்த ஸ்வரத்தைப் பிடித்துக்கொண்டு மற்றவர்களுக்காக நிற்கிறார்கள். சத்தம் ஏறிக்கொண்டே போகிறது. கடைசியில் அத்தனை தந்திகளும் ஏ மைனர் கார்டில் கூடி நிற்கும்போது மணியை இன்னொரு தடவை மெல்லத் தட்டுகிறார்கள். இரைச்சலில் அது காதில் விழாது. தந்திகள் சட்டென்று நின்றதும் மணியின் மிச்ச நாதம் மட்டும் அந்தரத்தில் தொங்குகிறது. அந்த நாதத்தில் ஒரு மேஜர் சாயல் இருக்கிறது. ஐந்து நிமிடம் மைனரில் அழுததற்கு மணி தன் உலோகத்திலிருந்து வேறொரு பதிலைச் சொல்கிறது. ஹெட்போனில் ஒரு தடவை இந்தக் கடைசி இருபது நொடிகளை மட்டும் கேளுங்கள். டென்னிஸ் ரஸ்ஸல் டேவிஸ் நடத்தும் ஸ்டுட்கார்ட் ஆர்கெஸ்ட்ரா இங்கே குறை வைக்கவில்லை.

மூன்றாவது மறுபடியும் ‘ஃப்ராத்ரெஸ்’, இந்தத் தடவை பெர்லின் ஃபில்ஹார்மானிக்கின் பன்னிரண்டு செல்லோக்கள். ஒரே படைப்பு ஒரே தட்டில் இரண்டு தடவையா என்று முதலில் எரிச்சலாக இருந்தது. கொடுத்த காசுக்கு இன்னொரு உருப்படியைப் போட்டிருக்கலாமே என்று யாருக்கும் தோன்றும். பேர்ட் அதை எந்த வாத்தியத்துக்கு என்று முதலில் கட்டிவைக்கவில்லை, பின்னால் வந்த வடிவங்களும் ஏராளம் என்பதெல்லாம் நியாயம்தான். ஆனாலும் கேட்கிறவன் கோணத்திலிருந்து சொன்னால், இரண்டையும் ஒரே மூச்சில் கேட்காதீர்கள். நான் இப்போது செல்லோ வடிவத்தைத் தனியாக இரவில்தான் போடுகிறேன். வயலின் வடிவத்தில் ஒரு மனிதன் தவிக்கிறான். செல்லோ வடிவத்தில் ஆளே இல்லை. தூரத்தில் ஏதோ வருகிறது, வந்து, போகிறது.

நான்காவது, தட்டுக்குப் பெயர் கொடுத்த ‘தபுலா ராசா’. இரண்டு வயலின், ஒரு தயார்செய்த பியானோ, தந்தி ஆர்கெஸ்ட்ரா. தயார்செய்த பியானோ என்றால், தந்திகளுக்கு நடுவே திருகாணி போன்றவற்றைச் செருகி அதன் குரலை மணி மாதிரி மாற்றிவைத்தது. இந்த விநோதச் சேர்க்கைக்குக் காரணம் ரொம்பச் சாதாரணம்: சோவியத் இசையமைப்பாளர் ஷ்னிட்கேயின் ஒரு படைப்போடு சேர்த்து அதே கச்சேரியில் வாசிக்க அதே வாத்தியங்களுக்கு ஒன்று வேண்டும் என்று கேட்டிருந்தார்கள். 1977 செப்டம்பர் 30-இல் தாலினில் அரங்கேற்றம். ஒத்திகையில் தாளைப் பார்த்த கலைஞர்கள் இசை எங்கே என்று கேட்டார்களாம். இந்தத் தட்டில் இருப்பது அதற்கு இரண்டு மாதம் கழித்து, நவம்பரில், ஜெர்மன் வானொலி ஒன்று பதிவு செய்த கச்சேரி. க்ரேமர், தத்யானா க்ரின்தென்கோ, லிதுவேனிய சேம்பர் ஆர்கெஸ்ட்ரா. பியானோவில் உட்கார்ந்திருப்பது அதே ஷ்னிட்கே.

முதல் பகுதி ‘லூதுஸ்’. இரண்டு வயலினும் உச்சியிலும் அடியிலும் ‘ஏ’ ஸ்வரத்தை வெட்டுகிற மாதிரி இழுக்கின்றன. உடனே நீண்ட மௌனம். பிறகு கொஞ்சம் இசை, கொஞ்சம் குறைந்த மௌனம். இன்னும் கொஞ்சம் கூடுதல் இசை, இன்னும் குறைந்த மௌனம். நான் என்ன செய்தேன் தெரியுமா? இந்தப் பகுதியைக் கணினியில் ஏற்றி, தினமும் வேலைக்குப் பயன்படுத்துகிற ‘மௌனம் நீக்கு’ கட்டளையைக் கொடுத்தேன். மென்பொருள் இடைவெளிகளை ஒவ்வொன்றாகச் சிவப்பில் குறித்தது. முதல் பட்டை அகலம், அடுத்தது அதைவிடக் குறைவு, அப்படியே ஒல்லியாகிக்கொண்டே போனது. திரையில் பார்த்தால் படைப்பின் எலும்புக்கூடே அதுதான். வெட்டிவிட்டுக் கேட்டேன். மிஞ்சியது சுறுசுறுப்பான, கொஞ்சம் சலிப்பூட்டும் வயலின் பயிற்சி. உண்மையான வடிவத்தில் அந்த மௌனம் சுருங்கச் சுருங்க யாரோ சுவரை நெருக்கிக்கொண்டு வருவது போல நெஞ்சு இறுகும். கடைசியில் மூச்சுவிட இடமில்லாமல் எல்லாம் வெடிக்கும். இதைத் தூக்கத்துக்கான இசை என்று பட்டியல் போட்டவர் இந்தப் பகுதியைக் கேட்டிருக்க மாட்டார்.

இரண்டாம் பகுதி ‘சிலென்ட்டியும்’. இதைப் பற்றி அதிகம் எழுத எனக்குத் தெரியவில்லை. டி மைனரில் மெதுவாக விரிகிறது; இடையிடையே அந்தத் திருகாணிப் பியானோ மணியை அள்ளித் தெளித்த மாதிரி ஒரு கார்டை உதிர்க்கிறது; ஒவ்வொரு சுற்றும் முந்தையதைவிட நீளம். அதன் முடிவில்தான் நான் ஏமாந்த அந்தப் படிக்கட்டு.

ஒலித்தரம் பற்றித் தொழில்முறையில் ஒரு வார்த்தை. ‘தபுலா ராசா’ பழைய டேப் பதிவு. மற்ற மூன்றும் 1983-இலும் 84-இலும் எடுத்தவை. வித்தியாசம் தெரிகிறது. ‘தபுலா ராசா’வின் பின்னணியில் டேப்பின் சீறலும் அரங்கத்தின் இருப்பும் இருக்கின்றன. பின்னால் வந்த பதிவுகள் சில இதைவிடச் சுத்தமாக இருக்கின்றன. அவற்றில் அந்த நான்கு பார் மௌனம் வெறும் பூஜ்யம். இங்கே அது ஆட்கள் மூச்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிற மௌனம். சீறலை நீக்கித் தரச் சொல்லி யாராவது இந்தப் பதிவை என்னிடம் கொடுத்தால் வேலையை மறுத்துவிடுவேன்.

இந்தத் தட்டு வெளிவந்த கதையும் இதோடு சேர்த்தி. பேர்ட் குடும்பம் 1980 ஜனவரியில் சோவியத் யூனியனை விட்டு வெளியேறியது. எல்லையில் பெட்டிகளைச் சோதித்த காவலர்கள் இசையைப் போட்டுக் கேட்டதாகவும், கேட்டபின் இதமாக நடந்துகொண்டதாகவும் பேர்ட் தம்பதி சொல்லியிருக்கிறார்கள். வியன்னாவுக்குப் போய், அடுத்த வருடம் மேற்கு பெர்லினில் குடியேறினார்கள். இசிஎம்மின் மான்ஃப்ரெட் ஐஷர் கார் ஓட்டிக்கொண்டிருக்கும்போது வானொலியில் இந்த இசையைக் கேட்டு, வண்டியை நிறுத்திவிட்டு, யாருடையது என்று பிறகு தேடித் திரிந்தாராம். எழுதப்பட்ட இசைக்கென்று ‘நியூ சீரிஸ்’ என்ற வரிசையை அவர் தொடங்கியதே இந்தத் தட்டை வைத்துத்தான்.

அதற்குப் பிறகு பேர்ட் எழுதியது பெரும்பாலும் குரலுக்காக, சமய வாசகங்களுக்காக. 1982-இல் ‘பாஸியோ’, அப்புறம் ‘தே தேயும்’, ‘மிசரேரே’, ‘கானோன் பொகாயானென்’. அனிஷ் கபூரின் ராட்சதச் சிற்பத்தைப் பார்த்து ‘லமென்தாத்தே’. 2008-இல் நான்காவது சிம்பொனி; அதை ரஷ்யச் சிறையில் இருந்த தொழிலதிபர் ஹோதர்கோவ்ஸ்கிக்குக் காணிக்கையாக்கினார். துறவி மாதிரி தாடி வைத்தவர், அரசியல் தெரியாதவர் என்று நினைப்பவர்களுக்காக இதைச் சொல்கிறேன். தாலினிலிருந்து சுமார் 35 கிலோமீட்டரில், லவுலஸ்மாவில் பைன் காட்டுக்குள், அவருடைய கையெழுத்துப் பிரதிகள் எல்லாம் இருக்கும் ஆர்வோ பேர்ட் மையம் 2018-இல் திறந்தது.

இவற்றில் பலதைக் கேட்டேன். சிலது இந்தத் தட்டின் உயரத்துக்கு வருகிறது, ‘பாஸியோ’ அதில் ஒன்று. சிலதில் சூத்திரம் தன்பாட்டுக்கு ஓடுகிறது, ஆளைக் காணோம். இதைச் சொன்னால் ரசிகர்கள் கோபித்துக்கொள்வார்கள். 1977-இல் எழுதியதில் அந்த எட்டு வருடப் பசி இருக்கிறது. பின்னால் வந்த எல்லாவற்றிலும் அதை எதிர்பார்ப்பது நியாயமும் இல்லை.

வாங்குகிறவர்களுக்கு: சாதாரணப் பதிப்பே போதும். 2010-இல் வந்த சிறப்புப் பதிப்பு ஒன்று உண்டு. நான்கு படைப்புகளின் ஸ்கோரும் சேர்த்துப் புத்தகமாகக் கட்டியது. நொட்டேஷன் கொஞ்சம் தெரிந்தவர்கள் அதைத் தேடிப் பிடிக்கலாம்; ‘காந்துஸ்’ பக்கங்களைக் கண்ணால் பார்ப்பதே தனி அனுபவம், மாடிப்படி மாதிரி இருக்கும். ஸ்ட்ரீமிங்கில் கேட்பவர்கள் ‘அடுத்ததைத் தானாக ஒலி’ என்ற வசதியை அணைத்துவிட்டுக் கேளுங்கள். இல்லாவிட்டால் அந்த நான்கு பார் மௌனம் முடிந்த கையோடு செயலி எவனையாவது கூட்டிக்கொண்டு வந்துவிடும்.

என் பிளேயரில் வேறொரு தொல்லை. தட்டு முடிந்ததும் ‘டக்’ என்று ஒரு சத்தம் போட்டுத்தான் நிற்கும். மற்றத் தட்டுகளுக்கு அது காதில் விழுந்ததே இல்லை. இதற்கு மட்டும் எழுதாமல் விட்ட அந்த ‘டி’ வர வேண்டிய இடத்தில் போய் விழுகிறது. அதனால் டபுள் பாஸ் இறங்க ஆரம்பிக்கும்போதே எழுந்துபோய்ப் பிளேயர் பக்கத்தில் நின்றுகொள்கிறேன், ஒலியைக் குறைக்கும் குமிழில் விரலை வைத்தபடி.